மேய்ச்சல் நிலம் நீங்கலாக

1991 நவம்பர் 19

ரேஷன் மாவு வாங்கியாயிற்று. வெண்ணெய் இல்லை என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாரா தேவிக்கு இன்று வெண்ணெய் விளக்கில்லை, கும்பிடு மட்டும்.

அவர் எட்டு மணிக்கே அவைக்குப் போய்விட்டார். புது அரசியல் சட்ட வரைவில் இன்று நிலம் பற்றிய பிரிவு. நிலத்தைத் தனியார் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறதாம். அதில் ‘மேய்ச்சல் நிலம் நீங்கலாக’ என்று மூன்று சொல் சேர்க்க வேண்டும். முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவர் உறுப்பினராகித் தலைநகர் உலான்பாத்தருக்கு வந்தது இதற்காகத்தான். இதற்காகத்தான் நானும் அவர் தங்கை ஞாமாவின் மாடி வீட்டில் ஒண்டிக்கொண்டு, மந்தையை மைத்துனர் பொறுப்பில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து மணிக்குப் பேசுவார். வானொலியில் வரும்.

நவம்பர் 20

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம். அவர் மைக்குக்கு முன்னால் வந்து, “எல்லாரும் குளிர்காலத்தை நல்லபடியா கழிக்கிறீங்களா? கால்நடையெல்லாம் கொழுத்திருக்கா?” என்று ஆரம்பித்தார். சரி, வழக்கம்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து கிழக்கு மாகாணங்களில் பனி எப்படி என்றார். அப்புறம் மேற்கு. அப்புறம் அவையிலேயே மூத்த உறுப்பினரின் முழங்கால் வலி. “நான் சொல்ல வந்தது என்னன்னா —” என்றபோது மைக்கை அணைத்துவிட்டார்கள். அவையே சிரித்தது. நாடே கேட்டது.

“அண்ணி, எங்க அண்ணன் நாடு பூரா நலம் விசாரிச்சிட்டாரு. இந்த வருசம் யாரும் யாருக்கும் கடுதாசி போட வேண்டாம்” என்றாள் ஞாமா.

அவர் வந்து உப்புத் தேநீர் குடித்தார். பிறகு, “நேரா விஷயத்துக்குப் போயிருக்கலாமே?” என்றேன்.

“ஒரு கூடாரத்துக்குள்ள நுழைஞ்சா கேக்காம எப்படி, ஹந்தா? அங்க உக்காந்திருக்கிறவங்க மனுசங்க இல்லையா?”

விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

நவம்பர் 24

பால் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள்: “ரேடியோவுல ஒருத்தரு ஆட்டையும் மாட்டையும் விசாரிச்சாரே, கேட்டியா? எங்கிட்ட ஒரு பூனைகூடக் கிடையாது. ஆனாலும் கேட்டாரு பாரு, மனசுக்கு இதமா இருந்துச்சு.”

என் வீட்டுக்காரர்தான் என்று சொல்லவில்லை. வெட்கமா? அதற்காக இன்று ஜெபமாலையை ஒரு சுற்று கூடுதலாக உருட்டினேன்.

நவம்பர் 27

இது எனக்கு மட்டும்.

எனக்குக் காகிதம் வேண்டும். எங்கள் குளிர்காலப் பட்டியும் அதன் தெற்குச் சரிவும் எங்கள் பெயரில் எழுதிய காகிதம். எனக்குப் பதினொரு வயதில் அப்பாவின் பட்டியைக் கூட்டுப்பண்ணைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பா கல்வேலியைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். காகிதம் இருந்திருந்தால்?

இன்று அவரிடம் கேட்டேவிட்டேன். “நம்ம பேருக்கு எழுதிக் குடுத்தா நமக்கு நல்லதுதானேங்க?”

“நமக்கு நல்லதுதான். பனி இறுகிப் புல்லை மூடிட்டா மந்தை எங்க போகும்? எல்லாப் பக்கமும் ஒருத்தன் காகிதத்தோட நின்னா?”

எனக்கு ஒப்புக்கொள்ள மனமில்லை. ஆனால் அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஊர் திரும்பினால் அந்த மனிதர் பாதியாகிவிடுவார். அதை என்னால் பார்க்க முடியாது.

டிசம்பர் 1

மாவு பிசையும்போது தோன்றியது. “நலம் விசாரிக்கிறதை மைக்குல வச்சுக்காதீங்க. வராந்தாவுலயே முடிச்சிடுங்க. நானூத்து முப்பது பேருதானே?”

சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். இடுப்புப் பையிலிருந்து, நலம் விசாரிக்கும்போது மாற்றிக்கொள்ளும் மூக்குப்பொடிக் குப்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

நோட்டில் மாகாணவாரியாகக் கோடு போட்டு வைத்தேன்.

டிசம்பர் 9

நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரிடமும் குப்பி மாற்றி, உட்கார்ந்து, விசாரித்து. வீட்டுக்கு வந்து பெயர் சொல்வார், நான் கோடு போடுவேன். யாருக்கு எத்தனை குதிரை என்பதுவரை சொல்கிறார்.

இன்று மதியம் பில்கூன் சாப்பிட வந்தான். பொருளாதாரம் படித்த இளம் உறுப்பினன், எல்லாம் தனியாருக்கே என்கிற கட்சி.

“செவேக் அண்ணே, உங்க பொடியில என்ன மருந்து கலக்கறீங்க? மேற்குக்காரங்க எல்லாம் மேய்ச்சல், மேய்ச்சல்ங்கறாங்க!”

“மருந்து எதுவும் இல்லப்பா. போன பனிப் பஞ்சத்துல மந்தையை எங்க ஓட்டினீங்கன்னு கேட்டேன். சொன்னாங்க. சொல்லும்போது அவங்களே யோசிச்சுக்கிட்டாங்க.”

பில்கூன் என் பக்கம் திரும்பினான். “அண்ணி, நீங்க சொல்லுங்க. சொந்தமா இருந்தா இன்னும் நல்லா பாத்துக்குவீங்கதானே?”

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. “கொழுக்கட்டை ஆறுது, சாப்பிடுப்பா” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

டிசம்பர் 16

முன்னூற்று ஒன்று. அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

டிசம்பர் 23

நானூற்று இருபத்தொன்பது. மீதி ஒருவர் அவரேதான். நாளைக்குப் பேச்சாளர் பட்டியலில் பெயர் இருக்கிறது.

டிசம்பர் 24

கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

“முப்பது வருசமா மாட்டு டாக்டரா இருக்கேன். செத்த மந்தையை எண்ணிக் கையெழுத்துப் போடறது என் வேலை. நோயில செத்தது கொஞ்சம். இடம் மாற முடியாம செத்தது நெறைய. நிலத்தைக் குடுங்க, வேணாங்கல. மேய்ச்சல் நிலம் நீங்கலாகன்னு மூணு வார்த்தை சேருங்க.”

அவைத்தலைவர், “உங்களுக்கு இன்னும் ரெண்டு நிமிசத்துக்கு மேல இருக்கு” என்றார்.

“அடுத்தவருக்குக் குடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் அதே மூன்று சொல்லைக் கேட்டார்கள்.

1992 ஜனவரி 13

நிறைவேறியது. மூன்று சொல்லும் இருக்கிறது. யார் சொல்லிச் சேர்த்தது என்றெல்லாம் அதில் இல்லை, இருக்கவும் இருக்காது. அச்சிட்ட தாளை விரித்து விரலால் அந்த வரியைக் காட்டினார்.

சந்தோஷமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவருக்காக, ஆமாம்.

பிப்ரவரி 26

ஊருக்கு வந்து ஒரு மாதமாகிறது. அவர் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மாட்டு வைத்தியம் பார்க்கப் போய் இரண்டு நாள் ஆகிறது.

காலையில் தெற்குச் சரிவில் எங்களுடையது இல்லாத மந்தை. எண்ணூறு ஆடாவது இருக்கும், எலும்பும் தோலுமாக. மார்ச் மாதக் குட்டிகளுக்கென்று நான் தொடாமல் வைத்திருந்த புல். ஒரு மனிதர் குதிரையிலிருந்து இறங்கி, கடிவாளத்தை விடாமல் நின்றார். எங்கள் பக்கம் எல்லாம் பனிக்கட்டி, பன்னிரண்டு நாளாக நடக்கிறோம் என்றார்.

“அக்கா, இந்தச் சரிவு யாரோடது?”

எங்களுடையது என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் குதிரையேறிப் போய்விடுவார். அவர் முகத்திலேயே தெரிந்தது. போனால் அந்த ஆடுகள் அடுத்த மேட்டைத் தாண்டாது. அதுவும் தெரிந்தது. அப்பாவின் நினைவு வந்தது.

“யாரோடதும் இல்லப்பா. கீழ ஊத்து இன்னும் உறையல, அங்க தண்ணி காட்டுங்க” என்றேன்.

இரண்டு மந்தைக்குமாகக் கணக்குப் பார்த்தால் புல் பதினோரு நாள் வரும். அதற்குப் பிறகு நாங்களும் வடக்கே யார் பக்கமாவது நகர வேண்டும். வண்டிக் கயிறுகளை எடுத்து வெயிலில் போட்டேன்.