எந்தக் கால் என்று கேட்டவள்

ஆழிமலை நாடாளும் கோமகள் செங்காந்தள் தேவியாரின் திருவாய்மொழிப்படி அவர்தம் ஓலைநாயகம் நாகந்தேவன் எழுதுவது. வடகரைக் கூற்றத்தின் தலைவரும், இரு போர்களில் கோமகளின் வலப்பக்கம் நின்றவரும், நல்லினியின் தந்தையுமாகிய மருதங்கோ அவர்கள் காண்க. உம் குடி தழைக்க. உம் எல்லை காக்கப்படுக. இவ்விடத்தில் உம் ஏரி நிறைக என்று வாழ்த்துவது நம் நாட்டு ஓலை மரபு. அந்த ஏரி உம் மகளைக் கொண்டுசென்று ஒரு திங்கள்கூட ஆகவில்லை. ஆதலால் அவ்வாழ்த்தை எழுதாமல் விடுகிறேன். கோமகளும் விடச் சொன்னார்.

உமது விண்ணப்பம் அவையில் படிக்கப்பட்டது. நீர்நூற்சாலை மாணவன் வெளியன் தவறான சொல் அனுப்பி உம் மகளின் உயிர் போகக் காரணமானான் என்றும், அவனை நாடு கடத்தவேண்டும் என்றும், மூன்று கல்விச்சாலைகளின் பிள்ளைகள் இனி ஒருபோதும் கூடிப் பயிலாதவாறு இடைமதிலை உயர்த்த இசைவு வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். நேரில் அறிந்து தீர்ப்பும் எழுதுமாறு கோமகள் என்னைப் பணித்தார். உம் ஊருக்கு வந்தேன். உடைந்த கரையில் நடந்தேன். பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் காவலரையும் தனித்தனியே கேட்டேன். கேட்டதை ஒரு தந்தைக்கு எழுதுவது எளிதாக இல்லை.

மதில் எழும்புமுன் உம் ஊரைக் காய்ச்சல் வாட்டியது உமக்கு நினைவிருக்கும். காய்ச்சல் கண்ட தெருக்களை மருத்துவசாலைப் பிள்ளைகள் குறித்துக்கொடுத்தனர். அத்தெருக்களின் பின்னால் நீர் தேங்கி நாறுவதை நீர்நூற்சாலைப் பிள்ளைகள் கண்டனர். பயிருக்குக் குறையாமல் எப்போதெல்லாம் மதகைத் திறந்தால் அத்தேக்கம் அடித்துச்செல்லப்படும் என்பதை நல்லினி பயின்ற கணக்குச்சாலை கணித்தது. பதினாறு அகவை நிரம்பாத பிள்ளைகள். ஒரு சாலை தனித்து நின்று இதைச் செய்திருக்க இயலாது என்று மூத்த மருத்துவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு அத்தெருக்களில் காய்ச்சல் வரவில்லை.

ஆனால் அவர்கள் கூடிய முதல் நாள் குழப்பத்தில்தான் விடிந்ததாம். கணக்குச்சாலைக்குக் கால் என்றால் நாலில் ஒரு பங்கு. நீர்நூலார் வாய்க்காலைச் சுருக்கிக் கால் என்பர். மருத்துவசாலைக்கோ அது நோயாளி நீட்டும் கால். கால் வீங்கிக் கிடக்கிறது என்று மருத்துவசாலைப் பெண்ணொருத்தி சொன்னதைக் கேட்டு, வெளியன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடினானாம். அன்றுமுதல் யார் அச்சொல்லைச் சொன்னாலும் மற்றவர் எந்தக் கால் என்று கேட்பதும், விடை வராமல் வேலை தொடங்காததும் அவர்களுக்குள் வழக்கமாயிற்று. வழக்கத்தைத் தொடங்கியவள் உம் மகள். வெளியனைக் காணும்போதெல்லாம் மண்வெட்டி நலமா என்று விசாரிப்பாளாம். இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான்.

பிள்ளைகள் தத்தம் நூலை விட்டுப் பிறர் நூலில் மேய்கின்றனர் என்று ஆசிரியர்கள் உம்மிடம் முறையிட்டனர். நீரும் அவர்கள் சொல்லை மதித்து இடைமதில் எழுப்பி, ஒரு சாலையின் செய்தி மறு சாலைக்கு வாயில்காவலன் வழியாகவே செல்லவேண்டும் என்று ஆணையிட்டீர். அதில் உமக்குத் தீய எண்ணம் இருந்ததாக இவ்வோலை கூறவில்லை.

பெருமழை நாளில் மேட்டில் நின்று நீர்வரத்தைக் கண்டவன் வெளியன். மதகும், மிகைநீர் கழியும் வாய்க்காலின் அடைப்பும் மதிலுக்கு மறுபுறம், கணக்குச்சாலையின் பொறுப்பில் இருந்தன. வாய்க்காலைத் திறந்துவிட்டால் கரை பிழைக்கும் என்று கண்டு, கால் திறந்தால் போதும் என்று காவலன் பூதனிடம் அவன் சொல்லி அனுப்பினான். பூதன் ஓரெழுத்தும் மாற்றாமல் அதை உம் மகளிடம் சேர்த்தான்.

அவள் எந்தக் கால் என்று கேட்டாள்.

மருதங்கோவே, அவள் கேட்டாள். அது பிள்ளைகளின் பழைய கேலி என்று மட்டுமே பூதன் அறிந்திருந்தான். வெள்ளம் வரும் வேளையில் விளையாட்டா தாயே என்று கடிந்துகொண்டு தன் வாயிலுக்குத் திரும்பிவிட்டான். அக்கேள்வி மதிலைக் கடக்கவில்லை. வாய்க்காலைத் திறந்தால் தாழ்நிலத்துக் குடில்கள் மூழ்கும். ஆதலால் உறுதியின்றித் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. மதகுப் பலகையைக் காற்பங்கு உயர்த்திவிட்டு, மதிலைப் பார்த்தபடி கரைமேலேயே நின்றாள். இறங்கி வருமாறு தோழியர் அழைத்தபோது, வெளியன் விடை சொல்லாமல் இருக்கமாட்டான் என்றாளாம். நீர் கரையை மீறியது.

அவள் கேட்ட செய்தியை உம் சிறையில் வெளியனுக்கு முதலில் சொன்னவன் நான். அதன்பின் தன் தண்டனையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டாளா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

ஆகவே கோமகளின் ஆணை இது. இவ்வோலை கண்டவுடன் வெளியன் விடுவிக்கப்படுக. பூதனுக்குத் தண்டனை இல்லை. அவனுக்கு இருக்கும் துயரமே மிகுதி. இடைமதில் இடிக்கப்பட்டு, அதன் கல் உடைந்த கரைக்கே சேர்க்கப்படுக. கரையை மீளக் கட்டும் முறையை மூன்று சாலைப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து ஆய்ந்து சொல்க. ஆசிரியர்கள் உடனிருந்து கேட்க.

வேலை தொடங்கும் காலையில் நீரும் அங்கே வருக. உம் மகள் கேட்டதைப் பூதன் அனைவர் முன்னும் வெளியனிடம் சேர்ப்பிக்க. அவன் விடை சொல்க. அதன் பின்னரே முதற்கல் வைக்கப்படுக.

கோமகள் கேட்டு, ஒப்பி, தம் கையால் வலம்புரிச் சங்குப் பொறி இட்டார். எழுதியவன் நாகந்தேவன்.