நாற்பத்தேழா, எழுபத்து நான்கா

மார்ச் 3, செவ்வாய்

என் வேகத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள்.

போக்குவரத்து அலுவலகத்தின் அபராதச் சீட்டு இன்று தபாலில் வந்தது. ஆற்றுப் பாலம், பிப்ரவரி 11, காலை 10.26. அனுமதித்த வேகம் 40. வண்டி சென்ற வேகம் 47.

நாற்பத்தேழாம்!

நான் ஓட்டியது எழுபத்து நான்கு. பக்கத்து இருக்கையில் என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். முள் எழுபதைத் தாண்டி நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தேன், அதனால் மறக்காது.

முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஈய எழுத்து அடுக்கியே படிப்பைச் சேர்த்தவன். இலக்கங்கள் இடம் மாறி விழுவதுபோலச் சர்வசாதாரணமான பிழை வேறில்லை. 74 என்று அடிக்க வேண்டியவன் 47 என்று அடித்திருக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

அபராதம் கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. சரியான எண்ணுக்குக் கட்டுகிறேன் என்கிறேன்.

மார்ச் 4, புதன்

ஏன் இத்தனை பிடிவாதம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்த கேள்விதான்.

அன்றைக்கு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டாக்டர் சொன்னார்: "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்." மகள் அப்போதுதான் ஓடிவந்து சேர்ந்திருந்தாள். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எப்பவும்போல உருட்டிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரம் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாப்பிள்ளை மூலம்.

அவள் கேட்டதற்கு ஆதாரமில்லை என்று சொல்ல முடியாது. அச்சகத்தில் எனக்கு 'நிதானம்' என்றுதான் பேர். ஐம்பது வயதில் புத்தகத்தைப் பார்த்துக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். அவளைக் கல்லூரியில் கொண்டுபோய் விடும்போது, "அப்பா, சைக்கிள்காரர் ஹாரன் அடிக்கிறார், வழி விடுங்கப்பா" என்பாள். பின்னால் உட்கார்ந்து அவள் அம்மா சிரிப்பாள்.

நான் சொன்னால் நம்பமாட்டாள். அரசாங்க முத்திரை போட்ட காகிதம் சொன்னால் நம்புவாள். அந்தக் காகிதத்தில்தான் தப்பாகப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

சீட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தில் சிவப்பு மையால் திருத்தினேன். 4-க்கு மேலும் 7-க்குக் கீழுமாக வளைகோடு. ஓரத்தில் 'இடம் மாற்றுக'. கூடவே ஒரு பக்க மனு. பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

ரொம்ப நாளைக்குப் பிறகு சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன்.

மார்ச் 9, திங்கள்

மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். மனுவின் நகலை அவருக்கும் அனுப்பியிருந்தேன்.

"மாமா, எல்லாரும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி எழுதுவாங்க. நீங்க கூட்டச் சொல்லி எழுதியிருக்கீங்களே! அந்த ஆபீஸ் சரித்திரத்துலயே இது முதல் மனுவா இருக்கும்."

"நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்."

"லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க மாமா."

"பிடுங்கட்டும். இனிமே யாரை ஏத்திக்கிட்டு எங்கே போகப்போறேன்?"

பிறகு நான் கேட்டேன்: "அவ பக்கத்துல இருக்காளா?"

"...இருக்கா."

"ஒரு நிமிஷம் குடுங்க."

போனைக் கையால் மூடுவது கேட்டது. ஏதோ முணுமுணுப்பு. "துணி மடிச்சிக்கிட்டு இருக்காளாம் மாமா."

துணியா? மடிக்கட்டும், மடிக்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

பதில் இல்லை. காரில் என் மனைவிக்காகப் பின்னால் சாய்த்த இருக்கை சாய்த்தபடியே கிடக்கிறது. நிமிர்த்தக் கை வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நேரிலேயே போனேன். பஸ்ஸில்தான். இரண்டாம் எண் ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரிக்கு என் மகள் வயதிருக்கும். என் பெயரைக் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓ, அந்தச் சிவப்பு மை ஐயாவா?" என்றாள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

படத்தைக் காட்டச் சொன்னேன். கணினியைத் திருப்பிவைத்தாள்.

"கேமரா பின்னாலிருந்து ரெண்டு படம் எடுக்கும் ஐயா. நடுவுல அரை செகண்டு. ரோட்டுல வெள்ளைக் கோடு தெரியுதா? கோட்டுக்குக் கோடு ஒரு மீட்டர். உங்க வண்டி எத்தனை கோடு தாண்டியிருக்குன்னு நீங்களே எண்ணுங்க."

எண்ணினேன். ஆறரை. மெய்ப்புப் பார்ப்பதுபோல மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை எண்ணினேன். எழுபத்து நான்கென்றால் பத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆறரைதான்.

"முள் எழுபதுல நின்னதும்மா. நான் பார்த்தேன்."

"முன்னாடி நின்னிருக்கலாம் ஐயா. இந்த இடத்துல பிரேக் போட்டிருக்கீங்க. சிவப்பு விளக்கு எரியுது பாருங்க. கேமராவைப் பார்த்தா எல்லாரும் போடுறதுதான்."

"அங்கே கேமரா இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் பிரேக் போட்டீங்க?"

ஏன் போட்டேன்?

படத்தை இன்னும் ஒருமுறை பார்த்தேன். பின்கண்ணாடி வழியாக என் தலை மட்டும்தான் தெரிகிறது. இருக்கை சாய்ந்திருந்ததால் என் மனைவி தெரியவில்லை. நான் மட்டும் தனியாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பதுபோல.

மனு மேல் பிரிவுக்குப் போய்விட்டதாம். அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். "தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

மார்ச் 18, புதன்

ஞாபகம் வந்துவிட்டது. பஸ்ஸிலேயே வந்துவிட்டது. எழுதத்தான் ஒரு நாள் ஆயிற்று.

பாலத்தில் ஏறும் இடத்தில் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டி ஒரு குதி குதித்தது. அவள் என் முழங்கைக்கு மேல் பிடித்தாள். "ஏங்க, மெதுவாப் போங்க. குலுங்குனா தாங்கல." பிரேக் போட்டேன். உடனே போட்டேன். அவள் சொன்னால் நான் எப்போது கேட்காமல் இருந்திருக்கிறேன்? அதன்பிறகு மருத்துவமனை வாசல்வரை அதே வேகம்தான். அவள் கை எடுக்கவில்லை. பேசவுமில்லை.

வலிக்கட்டும் என்று மிதித்திருக்க வேண்டாமா? திட்டினால் திட்டட்டும் என்று போயிருக்க வேண்டாமா? அந்த ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அவ பேச்சைக் கேக்காம இருந்திருந்தா என்னய்யா கெட்டுப்போயிருக்கும் உனக்கு?

இதை எப்படி மறந்தேன்? மறந்தேனா?

மார்ச் 26, வியாழன்

திருத்திய சீட்டு வந்திருக்கிறது.

'ஓட்டுநரின் ஒப்புதல் மனுவின்பேரில் பதிவு திருத்தப்படுகிறது. வண்டி சென்ற வேகம்: 74.' முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. மேல் பிரிவில் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு மையைப் பார்த்து அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு நான் வண்டி ஓட்டக் கூடாதாம்.

நான் கேட்ட காகிதம். வரிக்கு வரி நான் கேட்டபடியே.

மார்ச் 28, சனி

மகள் வந்தாள்.

வண்டிப் பதிவில் மாப்பிள்ளையின் போன் எண்தான் இருக்கிறது. திருத்தம் குறுஞ்செய்தியாக அவருக்கும் போயிருக்கிறது. அவர் அவளிடம் காட்டியிருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"எழுபத்து நாலாப்பா? பாலத்துலயா? நீங்களா?"

மேசைமேல் கிடந்த சீட்டை எடுத்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா. நாக்கை அறுத்துப் போடணும்." என் கை அவள் தலையில் இருந்தது.

பிற்பகல் முழுக்க இருந்தாள். அவள் அம்மாவின் அலமாரியை ஒழுங்குபண்ணினாள். "இந்த மனுஷன் எழுபத்து நாலுல போனாரு, யாராவது நம்புவாங்களா!" என்று மாப்பிள்ளையிடம் போனில் சொல்லி, அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். கிளம்பும்முன் காரில், சாய்த்திருந்த அந்த இருக்கையில் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

மகள் இன்று மூன்று தடவை போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா. ஆறு வாரம் ஒரு சொல்லுக்குக் காத்துக் கிடந்தவனுக்கு ஒரே நாளில் இத்தனை.

ஒவ்வொன்றும் எழுபத்து நான்கில் போன ஒருவனுக்கு வந்த போன். எனக்கு வந்ததல்ல.

சும்மா இருந்துவிடலாம். யாருக்கு நஷ்டம்? படம் அந்த ஜன்னலைத் தாண்டி வெளியே வராது. முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவன் பிழையை ஓரத்தில் குறித்தேன். என் பிழை அச்சாகி, முத்திரையோடு மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்க முடியவில்லையே!

சொல்லவும் பயமாக இருக்கிறது. வேகத்தை மட்டும் சொன்னால் மறுபடியும் போய்விடுவாள். காரணத்தைச் சொன்னால், செத்தவள்மேல் பழி போடுவதுபோல ஆகும். ஆனால் அதுதான் அவள் அம்மா கடைசியாகப் பேசியது. அதை நான் மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

மார்ச் 30, திங்கள்

மாப்பிள்ளைக்குப் போன் செய்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "நல்ல விஷயமா மாமா?" என்றார். "சரியான விஷயம்" என்றேன்.

செய்ய வேண்டியவை:

நான்: போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத வேண்டும். முதலில் போட்ட 47 சரி. திருத்தியவன்தான் தப்பு. மெய்ப்பில் திருத்தத்தை ரத்துசெய்வதுபோல, 47-க்குக் கீழே புள்ளி வைத்து 'இருக்கட்டும்' என்று குறித்து அனுப்ப வேண்டும்.

அலுவலகம்: இந்தத் தடவையாவது படத்தைப் பார்த்துவிட்டுத் திருத்த வேண்டும்.

மாப்பிள்ளை: ஞாயிறு காலை மகளை அழைத்துவர வேண்டும். நான் பேசி முடித்ததும் அவள் எழுந்து போனால் கூடவே போக வேண்டும். பஸ்ஸில் தனியாக விடக் கூடாது.

நான்: வேகம் எவ்வளவு, பிரேக் எங்கே, அவள் அம்மா சொன்னது என்ன, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். அழக் கூடாது.

மகள்: கடைசிவரை கேட்க வேண்டும். அம்மாவைக் குறை சொல்லக் கூடாது. என்னைச் சொல்லலாம்.