உங்கள் புருவமும் பாப்பாவின் காதும்

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்; பத்தரைக்குப் பாப்பாவைக் காது டெஸ்டுக்கு நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். நாம் பழக்கிய அதே விளையாட்டுதான்: சத்தம் கேட்டால் ஒரு கட்டையை வாளியில் போட வேண்டும்.

“பத்துக்குப் பத்து போட்டுட்டா, நீதான் சும்மா பயப்படுறே”ன்னு நேற்றுக் குதித்தீர்கள். கரண்டியைத் தட்டும்போதெல்லாம் உங்கள் புருவம் மேலே போகிறது. கள்ளி அதைப் பார்த்துத்தான் போடுகிறாள். நீங்கள் குளிக்கப் போனதும், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நான் தட்டினேன். பத்தில் மூன்றுதான் போட்டாள்.

அதனால் இன்று அவள் கண்ணில் படாமல் பின்னால் உட்காருங்கள். கட்டை கையிலேயே நின்றாலும் உதவாதீர்கள். குறை இருந்தால் காதுக்கு மெஷின் வைத்துவிடலாம், நன்றாகவே பேசுவாள். எனக்குப் பயமில்லை.

சாப்பாடு மேஜைமேல். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: நேற்று ராத்திரி உங்களிடம் நான் கத்தியது தப்புதான்.

இன்னொன்று: டெஸ்ட் முடிந்ததும் புருவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்குங்கள். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.