சோளக்காட்டில் தொங்கும் நம் ஆல்பம்

நம் இரண்டாவது ஆல்பத்தைக் கண்டு இப்போது கிளிகள் மட்டும்தான் பயப்படுகின்றன, மாப்ளே. விற்காமல் பரணில் கிடந்த சிடிகளை என் வீட்டுக்காரி எடுத்து, நூல் கோத்து, பாப்பாரப்பட்டிக் காட்டில் சோளத்துக்கு மேலே வரிசையாகக் கட்டிவிட்டாள். வெயிலில் சுற்றிச் சுற்றி மின்னுகின்றன. "உங்க பாட்டுக்கு இவ்வளவு ஆட்டம் யாரும் ஆடுனதில்லைங்க" என்கிறாள். ஊரையே கிண்டலடித்த எனக்கு வீட்டில் கிடைப்பது இது.

நேற்றுக் காற்றில் ஒன்று அறுந்து விழுந்தது. துடைத்தேன். சிடி போடும் பெட்டி இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? தக்காளி ஏற்றும் என் வண்டியில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போட்டேன். மற்றதெல்லாம் திக்கியது. மூன்றாவது பாட்டு மட்டும் சுத்தமாக ஓடியது. நீ எழுதிய பரிசல் பாட்டு.

முதல் கேசட் வந்தபோது நாம் நால்வர். பென்னாகரம் போகும் பஸ்களில் டிரைவர்கள் நம் பாட்டைப் போட்டார்கள். நீ வேண்டுமென்றே நடுவில் நின்று, பாட்டோடு சேர்ந்து வாயசைப்பாய், யாராவது கண்டுகொள்ள மாட்டார்களா என்று. ஒருவரும் திரும்பவில்லை. "டிக்கெட் எடுத்தீங்களா பாடகரே" என்று பின்னாலிருந்து நான் கத்தினேன். அதற்குத்தான் பஸ்ஸே திரும்பியது.

இரண்டாவது ஆல்பத்துக்குள் எல்லாம் கலைந்துவிட்டது. கிட்டார் அன்வர் துபாய் போனான். பேஸ் கிட்டார் வாசித்தவன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், ஞாயிறுகூட லீவு இல்லை என்றான். தேர்த் திருவிழாவுக்கே டிஜே கூப்பிட ஆரம்பித்தார்கள். பாட நீ, ட்ரம்ஸ் அடிக்க நான், அவ்வளவுதான் மிச்சம். அப்போதுதான் பெங்களூரிலிருந்து கீபோர்டு ஸ்டீபன் வந்து சேர்ந்தார். சேலத்தில் ஸ்டுடியோவும் அவரே பிடித்தார். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "அவரு ட்ராக் பாடட்டுங்க. அப்புறம் என் மச்சினனை வெச்சு பாடிக்கலாம். குரல் புதுசா இருந்தாத்தான் இப்ப கேப்பாங்க." ட்ராக் என்றால், வாத்தியங்களுக்கு வழி காட்டப் பாடுவது. பிறகு அழித்துவிடுவார்கள்.

நான் சரி என்றேன். உன்னிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். சொல்லவில்லை.

சின்ன அறை அது. என் ட்ரம்ஸுக்கு எட்டடி தள்ளி நீ. பரிசல் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாய். முடித்ததும், "கடைசி அடி சரியா நிக்கல மாப்ளே, இன்னொருக்கா போலாம்டா" என்றாய். அழிக்கப்போகிற குரலுக்காக மூன்று தடவை பாடினாய். ஸ்டீபன் என்னைப் பார்த்தார். நான் குனிந்து ட்ரம்ஸின் திருகைத் திருகினேன். "இத்தனை தடவ பாடுனா மைக்குக்கே மனப்பாடம் ஆயிரும்டா" என்றேன். நீ சிரித்தாய். சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது அதுதான்.

சிடி வந்த அன்று அதியமான்கோட்டை டீக்கடையில் உன் கையில் கொடுத்தேன். "உன் தொண்டைக்கு லீவு குடுத்துட்டோம்டா" என்றேன். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாய். பாடியவர் என்ற இடத்தில் வேறு பெயர்.

"நான் பாடுனது ட்ராக்கா?"

தலையாட்டினேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு தடவையோட நிறுத்தியிருப்பேன்ல."

டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் போனாய். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அதற்குப் பிறகும் பழையபடிதான் பழகினாய். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினாய். பாடத்தான் இல்லை. மாதா கோயில் ஞாயிறு பூசையில் எல்லோரும் பாட எழுந்து நின்றால், பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்தபடி உதட்டை மூடிக்கொண்டு நிற்பாய். நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். பாட்டையெல்லாம் ஒன்றுசேர்த்த அன்று ஸ்டுடியோக்காரர் சொன்னார்: "ட்ரம்ஸ் மைக்குல அவரு குரலும் விழுந்திருக்குங்க. எடுக்க முடியாது. எடுத்தா உங்க ட்ரம்ஸும் போயிரும்." இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். டீக்கடையிலேயே இதைச் சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால், உன் குரலை அழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று பதினைந்து வருடம் போனது. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ திரும்பி வரவில்லை.

நேற்று வண்டியில் சத்தத்தை முழுதாக வைத்தேன். அந்த மச்சினன் ஒரு அடியை முடித்து மூச்சு வாங்கும் இடங்களில், என் ட்ரம்ஸ் சத்தத்துக்குக் கீழே, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல நீ. கடைசி அடிவரைக்கும் காத்திருந்து கேட்டேன். நன்றாகத்தான் நின்றிருக்கிறது, மாப்ளே.

சிடியைத் திரும்ப நூலில் கட்டவில்லை. காலையில் காட்டுக்குப் போன வீட்டுக்காரி, "கிளிக்கு ஒண்ணு குறையுதே, எங்கங்க?" என்று கேட்டாள். கிண்டலாக ஏதும் வாயில் வரவில்லை.

"அது வண்டியில இருக்கட்டும். அதுல அவன் பாடியிருக்கான்" என்றேன்.

உன்னிடம் சொல்ல வைத்திருந்ததை அவளிடம்தான் சொல்ல முடிந்தது.