பாறை தாங்கும் அழுத்தம்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ கடிதம் போடுவதில்லை என்று உன் தங்கை என்னிடம்தான் சண்டை பிடிக்கிறாள்.

கிழட்டு எண்ணெய் வயல் மறுபடி மூச்சுவிடுகிறது! ஓரக் கிணறுகளில் தண்ணீரை இறக்குகிறோம். ஆய்வுப் பிரிவிலிருந்து நீ சொன்னபடியே அது அடியில் தங்கிய எண்ணெயை நடுக் கிணறுகளுக்குத் தள்ளி வருகிறது. இழுத்து மூடச் சொன்ன மேலிடத்தார் இப்போது எனக்குக் கைகொடுக்கிறார்கள். கணக்கு உன்னுடையது, பாராட்டு எனக்கு. வயிறு எரியாதே.

உன் மாப்பிள்ளை

மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வயிறு எரியவில்லை, கவலைதான். நீ அனுப்பிய அறிக்கையில் என் கணக்கைவிட அதிகமாக எண்ணெய் வருகிறதே, அழுத்தத்தைக் கூட்டினாயா? நான் கொடுத்த அளவைத் தாண்டினால் பாறை விரிசல் விடும். தண்ணீர் அந்த விரிசல் வழியே நேராக நடுக் கிணற்றுக்கு ஓடிவிடும். எண்ணெய் ஒதுங்கி நின்றுவிடும். கல்லூரியிலேயே பிரேக் இல்லாத சைக்கிள் ஓட்டியவன் நீ. அதனால்தான் கேட்கிறேன்.

குழந்தைகளுக்கு முத்தங்கள்.

மச்சான்

ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

பிரசவ வார்டு வாசலில் நிற்பவன் மாதிரி ஏன் பதறுகிறாய்? உன் அளவை நான் இம்மியும் தாண்டவில்லை, சத்தியம். தலைமைப் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. வாழ்த்து சொல்.

மாப்பிள்ளை

ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

நடுக் கிணறுகளில் வெறும் தண்ணீர் வருவதாக விசாரணைக் குழு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“அழுத்தத்தைக் கூட்டச் சொன்னதே நீங்கதான்னு உங்க மாப்பிள்ளை சொல்றாரே?” என்று கேட்டார்கள்.

“அவரா சொன்னாரு?” என்று முட்டாள்போல் கேட்டேன். என்னைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

மச்சான்

ஜூன் 27

அன்புள்ள மச்சானுக்கு,

கோபப்படாதே. பதற்றத்தில் வாய் தவறி வந்துவிட்டது. நீ தனி ஆள், எங்கே போனாலும் வேலை கிடைக்கும். எனக்குக் குடும்பம் இருக்கிறது. நீ வாய் திறந்தால் கெடுவது உன் தங்கையின் வாழ்க்கைதான். அவளிடம் எதையும் சொல்லிவிடாதே, தாங்கமாட்டாள்.

உன்னை நம்பியிருக்கும்
மாப்பிள்ளை

ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே குழந்தைகளோடு அவள் இங்கே வந்துவிட்டாள். நீ என்மேல் பழி போட்டதும் என்னைப் பணியிடை நீக்கம் செய்ததும் உன் அலுவலகத்தார் மூலம் தெரிந்ததாம். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“சாப்பிடும்போதுதான் பம்ப் ஹவுசுக்குப் போன் பண்ணாருண்ணா. ‘இன்னும் ஏத்து, நான் பாத்துக்கறேன்’னாரு. அந்த ஆளு பயந்தாரு போல. ‘ஏதாவது ஆச்சுன்னா என் மச்சான் தலையில போட்டுடலாம்’னு சிரிச்சாரு. விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நானும் சிரிச்சேன்.”

வாய் தவறியதாம்! நீ சத்தியம் செய்து கடிதம் எழுதிய அதே வாரமாம் அது.

குழுவிடம் அவளே வந்து சொல்கிறேன் என்கிறாள். “நல்லா யோசிச்சுக்கோம்மா” என்றேன். “யோசிச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்” என்றாள். நாளை இருவரும் போகிறோம்.

அப்பா எப்போது வருவார் என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு நீயே எழுது.

எனக்கு எழுதாதே.