கடைசிப் பெட்டிக்குப் பின்னால்

வியாசர்பாடி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் யசோதராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த வெளிநாட்டுக் குளிரில் உனக்கும் ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நான் கோபப்பட்டால் நீ சிரித்துவிடுவாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகும். உன் ஆய்வேடு அடுத்த மாதம்தானே அச்சுக்குப் போகிறது, அதற்குள் இது வந்து சேர்ந்துவிடும்.

எனக்காகத் தமிழில் சுருக்கி அனுப்பினாயே, கடவுள் உண்டு என்பதற்குப் பழைய அறிஞர்கள் சொன்ன வாதங்கள் என்று, அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் பீம்ராவ் கடையில் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். அதில் உன் பேராசிரியர் ஹியூஸ் பெயர் இருபத்து மூன்று தடவை வருகிறது, பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். பொறாமையா என்று கேட்பாய், பொறாமைதான். எல்லாவற்றிலும் பெரிய ஒன்றை மனதில் நினைக்க முடிகிறது, அதனால் அது இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு வாதம் இருக்கிறதே, அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெனச்சாலே வந்துடும்னா நானும் மூணு நாளா தண்ணி லாரியத்தான் நெனச்சிகினு கீறேன், இன்னாத்துக்கு வரல என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உலகத்தின் ஒழுங்கைப் பார்த்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பது தெரிகிறது என்று இன்னொன்று. எண்ணூர்க் கழிமுகத்தில் ஆலைச் சாம்பல் கலந்த தண்ணீரைப் பார்த்தாலும் செய்தவன் ஒருவன் இருப்பது தெரிகிறது, யார் என்று கேட்டால்தான் ஒருவனும் ஒத்துக்கொள்வதில்லை. இதை உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார்.

இதெல்லாம் போகட்டும். பதினோராம் பக்கத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு ரயில் பெட்டியை முன்னால் இருக்கும் பெட்டி இழுக்கிறது, அதை அதற்கு முன்னால் இருப்பது இழுக்கிறது, இப்படியே போனால் யாரும் இழுக்காமல் தானே ஓடுகிற எஞ்சின் ஒன்று முன்னால் இருந்தே தீர வேண்டும், அதுதான் முதல் காரணம், இது பேராசிரியர் ஹியூஸ் சொல்லும் அழகான உதாரணம் என்று எழுதியிருக்கிறாய். அழகான உதாரணமாம். உனக்கு ஏழு வயதில் பள்ளி லீவு நாளில் நான் வேலை பார்த்த தண்டையார்பேட்டை ரயில்வே யார்டுக்கு உன்னைக் கூட்டிப்போனது யார்? நிலக்கரிப் பெட்டிகளை விரலால் காட்டி, இதை யாருப்பா இஸ்துகினு போறது, அதை யாரு என்று கேட்டுக்கொண்டே எஞ்சின் வரைக்கும் போனாய். அப்ப எஞ்சினை யாரு இஸ்துகினு போறது என்றாய். எனக்குப் பதில் வரவில்லை. டிரைவர் யாசின்தான் மேலேயிருந்து தலையை நீட்டி, எஞ்சினை நான் இஸ்துகினு கீறேன் பாப்பா, என்னை டீக்கடைக்காரன் இஸ்துகினு கீறான் என்றார். நீ சிரித்தாயே தவிர அந்தப் பதில் உனக்குப் போதவில்லை, வீடு வரும்வரை என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டே வந்தாய். இது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நீ கடவுள் உண்டு என்று முடிவு கட்டினாலும் எனக்கு வருத்தமில்லை, புத்த விகாரைக்குப் போகும்போது உன்னையும் நினைத்துக்கொண்டு உட்காருவேன். யார் சொல்லி முடிவு கட்டுகிறாய் என்பதில்தான் என் வருத்தம்.

அதோடு நீ அனுப்பிய நன்றி சொல்லும் பக்கத்தையும் பார்த்தேன். முதலில் உன் பேராசிரியர், பிறகு நூலகம், உதவித்தொகை கொடுத்தவர்கள், அறைத்தோழி, வீட்டுக்காரம்மா, அவர் வளர்க்கும் பூனை. பூனைக்குப் பிறகு நாங்கள். இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற, பாடம் சொல்லித் தர்றது அவருதானே என்று உன் அம்மா திட்டினாள். ஞாயம்தான். ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் பேராசிரியர் யார்டில் கால் வைத்ததில்லை என்று நினைக்கிறேன். எஞ்சின் முன்னால்தான் இருக்கும் என்று யார் சொன்னது? சைடிங் என்கிற பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டிகளைக் கொண்டுபோய் விடும்போது எஞ்சின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் நின்று தள்ளும். முன்னால் கொடி பிடித்துக்கொண்டு நிற்கும் எனக்குப் பெட்டிகள் தானாக நகர்ந்து வருவது போலத்தான் தெரியும். முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறேன். இதை அவரிடம் சொல், என் பெயரைச் சொல்லியே சொல்.

அதனால் எங்கள் பெயரைப் பூனைக்குப் பின்னாலேயே விட்டுவிடு, மாற்ற வேண்டாம். காலுறை போடாமல் வெளியே போகாதே, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன் நெற்றியில் ஒரு முத்தம் என்று அம்மா எழுதச் சொன்னாள். நல்ல பெயரோடும் தெளிந்த புத்தியோடும் நீ நீண்ட காலம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அச்சுக்குப் போகுமுன் அந்த எஞ்சின் உதாரணம் வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்துவிடு: இந்தக் கேள்வியை முதன்முதலில் என் அப்பாவிடம் கேட்டேன், அவருக்குப் பதில் தெரியவில்லை என்று. தெரியாதவன் என்றே இருக்கட்டும் அம்மாடி, கேட்டது என்னிடம் என்று இருந்தால் போதும்.

உன் அப்பா,
ஜெயவேல்,
ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன், தண்டையார்பேட்டை யார்டு.