வட்டத்தின் நடுவே ஒரு கையெழுத்து

கொட்டாஞ்சேனை
14.9.1936

அன்புள்ள மகன் செல்லையாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், கோலாலம்பூரில் நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுதவும்.

மகனே, நம் தோட்டத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் நாற்பது வாடகை வீட்டுக்கும் இன்னும் ஒரே தண்ணீர்க் குழாய்தான். தோட்டத்துச் சொந்தக்காரர் எலெக்ஷனுக்கு நின்றபோது இரண்டாவது குழாய் போட்டுத் தருகிறேன் என்று கும்பிட்டார், எல்லோரும் அவருக்கென்று வைத்த பச்சைப் பெட்டியில் வோட்டுப் போட்டோம், வென்றவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஏழு மாதமாக நான் குழாயடியில் நின்று அவரைத் திட்டாத நாளில்லை, கேட்டவர்கள் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் பக்கத்து வீட்டுச் சீனியம்மா, ஒரு எழுத்துக்கூடத் தெரியாதவள், வீடு வீடாகப் போய், "திட்டினது போதும், எல்லாரும் சேர்ந்து போய்க் கேப்பம்" என்றதும் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் கூப்பிட்டால் சோறு அடுப்பில் என்று சொல்லும் பலீலாகூட முதல் ஆளாக வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் பொய் சொல்வானேன்.

கடைக்கார ஸாலிஹ் நானா தோட்டத்துச் சொந்தக்காரருக்கு மனு எழுதினார். முதல் பேர் யாருடையதோ அவரைத்தான் பிடிப்பார்கள் என்று, சீனியம்மா சோற்றுத் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து வட்டம் கீறி, சுற்றிவர எல்லோரையும் பெருவிரல் பதிக்க வைத்தாள். அந்த யோசனையும் அவளுக்குத்தானா வரவேண்டும்? ஐந்தாம் வகுப்புப் படித்த நான் அத்தனை விரல்களுக்குள் ஒரு விரலாகக் கிடப்பதா? உறையில் போடச் சொல்லி என் கையில் தந்தபோது, வெறுமையாக இருந்த நடுவில் மயிலம்மா என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன், கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

திங்கட்கிழமை, வாடகை வாங்க வரும் றேமண்ட் அந்தக் காகிதத்தோடு வந்து நின்றான். "நடுவில பேர் போட்டவதானே தலைவி? வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டை விடு கிழவி" என்றான். தலைவி என்றது ஒரு நிமிடம் இனித்தது மகனே, பிறகுதான் வீடு போகப்போகிறது என்பது உறைத்தது, உன் அப்பா கண்மூடிய வீடல்லவா. சீனியம்மா வந்தாள், காகிதத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம், மறுபடி வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை றேமண்ட் ஆட்களோடு வந்தபோது என் வாசலை அடைத்துக்கொண்டு நாற்பது வீட்டுப் பெண்களும் வெறுங்குடத்தோடு இருந்தார்கள். "ஓம், அவதான் எங்கட தலைவி. அவவை எழுப்பினா நாப்பது வீட்டையும் எழுப்பு, பிறகு அடுத்த எலெக்ஷனுக்கு ஆரிட்ட வோட்டுக் கேப்பார் உங்கட ஐயா?" என்றாள் அவள். றேமண்ட் திரும்பி நடந்தான், நாங்களும் குடங்களோடு அவன் பின்னாலேயே ஐயாவின் வீட்டுக்குப் போனோம். நேற்றுக் குழாய்க்குக் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள், என் வீட்டைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

சந்தையில்கூட என்னைத் தலைவியக்கா என்கிறார்கள். அது அவள் தந்த பெயர் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வைத்துக்கொள்ளக் கூசுகிறது, திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை.

ரயில் வேலையில் மழையில் நனையாதே, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்கு. நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் நீடூழி வாழவேண்டும். போன கடிதத்தில் முதல் வரியிலேயே சீனியம்மா அக்கா சுகமா என்று கேட்டிருந்தாய். கேள், நான் தடுக்கவில்லை. என்னைக் கேட்ட பிறகு கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மயிலம்மா